பாட்டாளியின் பதாகையைக் காப்பது யார்?

உங்கள் சங்க அலுவலகத்தின் பரண்மேல் என்ன இருக்கிறது, தோழர்களே? ஏறிப் பார்த்து எத்தனை நாளாயிற்று? பழைய சந்தாக் கணக்குப் புத்தகங்கள் இருக்கும். ஓட்டை மெகாபோன் ஒன்று இருக்கும். மாநாட்டு வளைவுக்குக் கட்டிய மூங்கில் தட்டிகள் இருக்கும். அவற்றுக்கெல்லாம் அடியில், துருவேறிய டிரங்குப் பெட்டியில், நாலாய் எட்டாய் மடித்து வைத்த ஒரு கொடியும் இருக்கும். அது எந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் போனது, அதைப் பிடித்து நடந்தவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரோ இருவரோதான் இன்று மிஞ்சியிருப்பார்கள்.

அந்தக் கொடியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். “விலைவாசி விஷம்போல் ஏறுகிறது. வேலைக்கு உத்தரவாதமில்லை. ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்களை ஆட்டிப் படைக்கிறார்கள். இந்த நேரத்தில் கிழிந்த துணிக்கு ஒரு கட்டுரையா?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் உண்டு. பதில் சொல்வதற்கு முன், தோழர்களை மான்செஸ்டர் நகரம் வரை அழைத்துப் போக விரும்புகிறோம்.

பம்பு நிலையத்தில் ஒரு பட்டறை

மான்செஸ்டர் என்றதும் நம்மவர்க்குத் துணிதான் ஞாபகம் வரும். நம் நாட்டுக் கைத்தறியை நசுக்கிய ஆலைத் துணி அந்த ஊரிலிருந்துதானே கப்பலேறி வந்தது! ஆனால் அதே ஊரில் அந்த ஆலைகளுக்குள் நின்று நூற்றவனும் நெய்தவனும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள்தாம். அவர்கள் சங்கம் கண்டார்கள், சிறை கண்டார்கள், குதிரைப்படையின் வாளையும் கண்டார்கள்.

அந்த நகரின் ஆற்றங்கரையில் ஒரு பழைய பம்பு நிலையம் நிற்கிறது. 1909-ல் வேலை தொடங்கிய நிலையம் அது. தண்ணீரை அழுத்திக் குழாய்களின் வழியே அனுப்பி, நகரத்துப் பண்டகசாலைகளில் பொதி கட்டும் இயந்திரங்களை இயக்கியது. நகர மண்டபத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததும், நாடகக் கொட்டகையின் திரையைத் தூக்கியதும் அதே தண்ணீரின் வேகந்தான். இன்று அந்தக் கட்டிடம் ‘மக்கள் வரலாற்று மியூசியம்’.

தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த சிலர், வரலாறு குப்பைக்குப் போகிறதே என்று பதறிச் சேர்க்கத் தொடங்கிய பொருள்களே இந்த மியூசியத்தின் விதை. 1975-ல் லண்டனில் தொழிலாளர் குடியிருக்கும் லைம்ஹவுஸ் பகுதியில் அது கதவு திறந்தது. பிறகு மான்செஸ்டருக்கு இடம்பெயர்ந்து, 1994-ல் பம்பு நிலையத்துக்கு வந்து, 2010-ல் விரிவான கட்டிடத்தோடு மீண்டும் திறக்கப்பட்டது. தொழிற்சங்கப் பதாகைகளும் அரசியல் பதாகைகளுமாக நானூறுக்கு மேற்பட்டவை அங்கே இருக்கின்றன. உலகிலேயே மிகப் பெரிய இத்தகைய சேகரிப்புகளில் ஒன்று அது. லிவர்பூல் தகரத் தொழிலாளர்கள் 1821-ல் செய்த பதாகையும் அவற்றில் ஒன்று. இன்று உயிரோடிருக்கும் தொழிற்சங்கப் பதாகைகளில் மிகப் பழையது அதுவே என்று கருதப்படுகிறது.

கட்டிடத்துக்குள் ஒரு பட்டறை இருக்கிறது. ஆய்வுக்கூடம் என்றும் சொல்லலாம், தையற்கூடம் என்றும் சொல்லலாம். நீண்ட மேசைகள், பூதக்கண்ணாடி, வளைந்த ஊசிகள், கண்ணாடிப் பாளங்கள். நொறுங்கிப்போன துணிக்கு அங்கே வைத்தியம் நடக்கிறது.

பதாகை என்றால் என்ன?

நம் ஊரில் கொடி என்றால் ஒரு கழியில் கட்டிய துணி. அங்கே சங்கப் பதாகை என்றால் பத்து, பன்னிரண்டு அடி உயரப் பட்டுச் சீலை. இரண்டு கம்பங்களில் கட்டித் தூக்குவார்கள். காற்றில் சாய்ந்துவிடாமல் முன்னும் பின்னும் கயிறு பிடிக்க ஆட்கள் வேண்டும். முகப்பில் எண்ணெய் வர்ணத்தில் ஓவியம். கைகுலுக்கும் இரு தொழிலாளர்கள், ஒற்றைக் குச்சியை முறித்துவிட்டுக் கட்டுக் குச்சியை முறிக்க முடியாமல் திணறும் மனிதன், இறந்த தோழனின் மனைவிக்கு உதவித்தொகை கொடுக்கும் சங்கச் செயலாளர் என்று அந்தப் படங்கள் பேசும். படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அதுவே பத்திரிகை. அதுவே கட்சித் திட்டம்.

இந்தப் பதாகைகளில் பெரும்பாலானவற்றைச் செய்து கொடுத்தது, லண்டனில் ஜார்ஜ் டட்டில் என்பவர் 1837-ல் தொடங்கிய நிறுவனம். அவர் வியாபாரிதான், ஆனால் பதாகைக்குக் காசு கொடுத்தவன் தொழிலாளி. வாரக் கூலியிலிருந்து ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று சேர்த்து, தன் வீட்டில் இல்லாத பட்டைத் தன் சங்கத்துக்கு வாங்கினான்.

வட இங்கிலாந்தில் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1871-லிருந்து கோடைப் பெருவிழா நடத்தி வருகிறார்கள். ஒவ்வொரு சுரங்கத்தின் கிளையும் பாண்டு வாத்தியத்தோடு, தன் பதாகையைத் தூக்கிக்கொண்டு நகருக்குள் வரும். அந்த ஆண்டில் சுரங்கத்தில் ஒரு தொழிலாளி இறந்திருந்தால், பதாகைமேல் கறுப்புத் துணி போர்த்தி வருவார்கள். வீதியின் இருபுறமும் நிற்பவர்கள் கறுப்பைக் கண்டதும் தொப்பியைக் கழற்றுவார்கள். 1990-களில் அந்த வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கம் போயிற்று, கூலி போயிற்று, பதாகை மட்டும் இன்றும் வருகிறது. சுரங்கமில்லாத கிராமங்களும் தங்கள் சுரங்கத்தின் பதாகையைத் தூக்கி வருகின்றன. துணிக்கு இருக்கும் வல்லமையைப் பார்த்தீர்களா?

பட்டு ஏன் நொறுங்குகிறது?

பருத்தி நைந்துபோகும், பட்டு நொறுங்கும். ஆனால் நூறு ஆண்டுப் பட்டு ஒன்று உறுதியாக இருக்க, இன்னொன்று கண்ணாடிபோல் கீறல் கீறலாக வெடித்து, தொட்டால் தூளாகிறது. ஏன்?

காரணத்தைக் கேட்டால் தோழர்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். கச்சாப் பட்டின்மேல் ஒரு பசை இருக்கிறது. அதைக் காய்ச்சி நீக்கினால்தான் பளபளப்பும் மென்மையும் வரும். காஞ்சிபுரத்துச் சாயத் தொழிலாளிக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சும்போது எடையில் கால் பங்கு போய்விடும். பட்டோ எடைக்கு விற்கும் சரக்கு. கால் பங்கு நஷ்டத்தைப் பொறுப்பானா வியாபாரி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆலைக்காரர்கள், பட்டை வெள்ளீய உப்புக் கரைசலில் ஊறவைத்து, போன எடையைத் திரும்ப ஏற்றினார்கள். சில சமயம் போனதற்கு மேலும் ஏற்றினார்கள். துணி கனமாகத் தொங்கியது, சரசரத்தது, வாங்கியவன் மகிழ்ந்தான். ஆனால் அந்த உலோக உப்பு, வெளிச்சத்தோடும் காற்றோடும் சேர்ந்து இழையைத் தின்றது. அரிசியில் கல் கலக்கிறவனுக்கும் இவனுக்கும் என்ன பேதம்? கல்லரிசி அன்றைக்கே பல்லை உடைக்கும். கலப்படப் பட்டோ பேரன் காலத்தில் உடைகிறது, அவ்வளவுதான்.

இது ஒரு காரணம். ரப்பர் இன்னொன்று. வர்ணம் வெடிக்காமல் துணியோடு வளையட்டும் என்று, பட்டின்மேல் ரப்பர் பூசி அதன்மேல் ஓவியம் தீட்டும் முறையை டட்டில் 1861-ல் பதிவு செய்துகொண்டார். அன்றைக்கு நல்ல யோசனைதான். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகுகிறது, பிசுபிசுக்கிறது, வெடிக்கிறது. மடித்து வைத்தால் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது காரணம் வெளிச்சம். சாயத்தை வெளுக்க வைப்பதும் இழையைப் பலவீனமாக்குவதும் அதுதான். வெளிச்சத்தால் வரும் சேதம் திரும்பாது. ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் மியூசியங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கே விளக்கு வைக்கிறார்கள். உச்சிவெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், ஒரு நாள் ஊர்வலம் எவ்வளவு ஆயுளைக் குடிக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மான்செஸ்டரில் காட்சியிலிருக்கும் பதாகைகளை அவ்வப்போது இறக்கி, இருட்டறையில் ஓய்வு கொடுத்து, வேறு பதாகைகளை ஏற்றுகிறார்கள். தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை கேட்ட கொடிக்கு ஓய்வு வேண்டாமா?

மேசையின்மேல் நடக்கும் வேலை

செப்பனிடும் வேலை எப்படி நடக்கிறது? முதலில் படம் எடுத்து, எங்கே கிழிசல், எங்கே கறை, யார் எப்போது ஒட்டுப் போட்டார் என்று எழுதிக்கொள்கிறார்கள். பிறகு மெல்லிய வலையைத் துணிமேல் போர்த்தி, அதன் வழியே மிகக் குறைந்த வேகத்தில் தூசியை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆலைப் புகையும் சுரங்கக் கரியும் படிந்த தூசி அது.

துவைக்கலாமா கூடாதா என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு நிறத்தின் மூலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மையொற்றுத் தாளை அழுத்திப் பார்க்கிறார்கள். தாளில் நிறம் ஏறினால் தண்ணீர் அந்தத் துணிக்குப் பகை. ஏறாவிட்டால்தான் உப்பு நீக்கிய தண்ணீரும் மென்மையான சோப்பும். ஓவியம் தீட்டிய பதாகைகள் பலவற்றை நனைக்கவே முடிவதில்லை.

மடிப்புகளை நீக்க இஸ்திரிப் பெட்டி கிடையாது. குளிர்ந்த ஈர ஆவியைத் துணிமேல் படியவிட்டு, இழை இளகியதும் விரலால் நேராக்கி, கண்ணாடிப் பாளங்களைப் பாரமாக வைத்து, காய விடுகிறார்கள். கிழிந்த இடத்துக்கு அடியில் அதே நிறத்தில் சாயமேற்றிய சல்லாப் பட்டையோ நைலான் வலையையோ வைத்து, மயிரிழை போன்ற நூலால் தைக்கிறார்கள். பட்டு ஊசியைத் தாங்காது என்றால், வலையில் மெல்லப் பசை பூசி, இளஞ்சூட்டில் பொருத்துகிறார்கள். ஒரே பதாகைக்கு மாதக்கணக்கில் வேலை நடப்பதுண்டு.

இந்தத் தொழிலுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பின்னால் வருகிறவன் பிரித்தெடுக்க முடியாதபடி எதையும் செய்யாதே என்பது முதற்சட்டம். இல்லாததைச் சேர்க்காதே என்பது இரண்டாவது. ஓவியத்தில் ஒரு முகம் உதிர்ந்திருந்தால் அங்கே புதுமுகம் தீட்டமாட்டார்கள். நிறம் பொருந்திய துணியை அடியில் காட்டி, இழப்பை இழப்பாகவே விடுவார்கள். சரித்திரத்தைத் தம் வசதிக்கு வர்ணம் பூசுகிற மேதாவிகள் நம் நாட்டில் மலிந்திருக்கும் காலம் இது. அவர்களை ஒரு வாரம் இந்த மேசையருகே நிற்க வைக்கலாம்.

இரண்டு துணிகள், இரண்டு பாடங்கள்

1819 ஆகஸ்டு 16. மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் மைதானத்தில் சுமார் 60,000 மக்கள் ஓட்டுரிமை கேட்டுக் கூடினார்கள். அவ்வளவு பெரிய ஊருக்குப் பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர்கூட இல்லாத காலம். ஆயுதமில்லாத கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்தது. 18 பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். வாட்டர்லூப் போரைக் கேலியாய் நினைவூட்டி, மக்கள் அதைப் ‘பீட்டர்லூ’ என்றார்கள். படையினர் மனிதர்களோடு கொடிகளையும் குறிவைத்து வெட்டினார்கள். அன்று தூக்கி வந்தவற்றில், மிடில்டன் ஊரார் கொண்டுவந்த பட்டுக் கொடி ஒன்று தப்பிப் பிழைத்தது. ‘ஒற்றுமையும் வலிமையும்’ என்பது அதில் பொறித்த முழக்கம். அந்த ஊராரை நடத்தி வந்த நெசவாளி சாமுவேல் பாம்ஃபோர்டு ஓராண்டு சிறையிலிருந்தார். இருநூறு ஆண்டு கழித்து, மான்செஸ்டர்ப் பட்டறையில் செப்பனிடப்பட்டு, அந்தக் கொடி 2019-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. வெட்டச் சொன்ன நீதிபதிகளின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? நெசவாளியின் கொடி நிற்கிறது.

இரண்டாவது துணி, பெண்களுக்கு ஓட்டுக் கேட்ட இயக்கத்தின் மான்செஸ்டர்ப் பதாகை, 1908-ல் செய்தது. ‘போரில் முதலில் நின்றோம்’ என்ற பொருளில் எழுத்துப் பொறித்தது. அது எங்கே கிடந்தது தெரியுமா? லீட்ஸ் நகரில், நன்கொடையாக வரும் பழம்பொருள்களை விற்கும் கடை ஒன்றில்! 2017-ல் ஏலத்துக்கு வந்தபோது, பொதுமக்களிடம் பணம் திரட்டி மியூசியம் அதை வாங்கியது. பட்டறையில் செப்பனிட்டு, 1918-ல் பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஓட்டுரிமை கிடைத்ததன் நூற்றாண்டில் காட்சிக்கு வைத்தது.

முதல் துணியைக் கிழிக்க நினைத்தவன் எதிரி. இரண்டாவது துணியைத் தொலைத்தது யார்? மறதி! எதிரியின் வாளுக்குத் தப்பியதும் நம் மறதிக்குத் தப்பாது. தொழிற்சங்கங்களே தங்கள் பழைய பதாகைகளை நிலவறையில் அழுக விட்டதுண்டு, அலுவலகம் மாறும்போது வீசியதும் உண்டு. ஜான் கார்மன் என்ற அச்சுத் தொழிலாளி அவற்றைத் தேடித் திரிந்து, 1973-ல் அவற்றின் வரலாற்றைப் புத்தகமாக்கினார். அதற்குப் பிறகே பலருக்குக் கண் திறந்தது.

காசு எங்கே போயிற்று?

இனி அரசியலுக்கு வருவோம். இத்தனை நுட்பமான வேலைக்குப் பயிற்சி வேண்டாமா? அதற்காகவே கேரன் ஃபிஞ்ச் என்ற நெசவுக்கலை கற்ற அம்மையார், 1975-ல் லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் துணிப் பாதுகாப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள மியூசியங்களுக்கு அங்கே பயின்றவர்கள் போனார்கள். 1999-ல் அது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து வின்செஸ்டருக்குப் போயிற்று. பத்தே ஆண்டுகளில், 2009 அக்டோபரில், பல்கலைக்கழகம் அதை மூடிவிட்டது. சொன்ன காரணம் பணம். மாணவர் தொகை குறைவு, செலவு அதிகம், வரவுக்குள் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் கணக்கு. உலகமெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. இத்துறையில் உழைப்பவர்கள் விடாமல் முயன்றதால், 2010-ல் கிளாஸ்கோ நகரில் அந்தப் படிப்பு மறுபடி உயிர் பெற்றது.

அடுத்து மக்கள் வரலாற்று மியூசியத்தின் கதை. 2010-க்குப் பின் பிரிட்டிஷ் சர்க்கார் ‘சிக்கனம்’ என்ற கத்தியை எடுத்தது. வங்கிகள் விழுந்தபோது கோடிக்கணக்கில் கொடுத்துத் தாங்கிய சர்க்கார், மியூசியத்துக்கும் நூலகத்துக்கும் வந்தபோது கையை மடக்கியது. மத்திய சர்க்காரிடமிருந்து மியூசியத்துக்கு வந்துகொண்டிருந்த, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பவுன் மானியம் 2015-ல் நின்றது. மியூசியம் என்ன செய்தது? வரலாற்றில் இடம்பெற்ற நூறு கிளர்ச்சிக்காரர்களின் பெயரைச் சொல்லி, ஒவ்வொருவர் பெயரிலும் 3,000 பவுன் தாருங்கள் என்று சங்கங்களையும் தனி மனிதர்களையும் கேட்டது. சங்கங்கள் முன்வந்தன. கதவு மூடவில்லை.

இதில் பெருமையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. தொழிலாளி தன் சரித்திரத்தைத் தன் காசில் காத்தான் என்பது பெருமை. ‘நீங்களே காப்பாற்றிக்கொள்கிறீர்களே, சர்க்கார் எதற்குக் கொடுக்க வேண்டும்?’ என்று மந்திரிகள் கேட்க இது வழி செய்கிறதே, அது ஆபத்து. மன்னர் குடும்பத்து நகைக்கும் பிரபுக்களின் மாளிகைக்கும் பொதுப் பணம் தாராளமாகக் கிடைத்து வந்திருக்கிறது. அந்தப் பொதுப் பணத்தில் தொழிலாளி கட்டிய வரியும் இருக்கிறது. அவன் வரலாறு மட்டும் உண்டியல் குலுக்க வேண்டுமா? எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்ற முடிவில் வர்க்கம் பேசுகிறது, தோழர்களே!

சிக்கனத்தின் விலை

செலவைக் குறைத்துக்கொண்டே போனால் முடிவு என்ன? பிரேஸில் நாட்டு ரியோ டி ஜெனிரோவைப் பாருங்கள். 1818-ல் தோன்றிய தேசிய மியூசியம். சுமார் 2 கோடிப் பொருள்கள். பராமரிப்புப் பணத்தை ஆண்டுதோறும் வெட்டினார்கள். கூரை ஒழுகியது, பழைய மின்கம்பிகள் தொங்கின. இருநூறாவது ஆண்டிலேயே, 2018 செப்டம்பர் 2-ந் தேதி இரவு தீப்பிடித்தது. ஏர்கண்டிஷன் இயந்திரத்திலிருந்து தீ கிளம்பியது என்று விசாரணையில் தெரிந்தது. தீயணைப்புப் படை வந்தது. அருகிலிருந்த குழாய்களில் தண்ணீர் இல்லை! பழங்குடி மக்களின் கைவினைப் பொருள்கள், அவர்கள் மொழிகளைப் பற்றிய பதிவுகள் எல்லாம் ஓரிரவில் சாம்பலாயின. பிறகு மியூசியத்தின் ஊழியர்கள் மாதக்கணக்கில் சாம்பலைச் சலித்தார்கள். தென் அமெரிக்காவின் மிகப் பழைய மனித எலும்புகளில் ஒன்றான ‘லூசியா’வின் மண்டையோட்டுத் துண்டுகளைக்கூட அவர்கள் கண்டெடுத்தார்கள். எரியவிட்டவர்கள் ஆட்சியாளர்கள், பொறுக்கியெடுத்தவர்கள் தொழிலாளர்கள்.

கூலியா, கொடியா?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். கூலிக்குப் போராடவே நேரமில்லாதபோது கொடிக்கு ஏன் கவலை?

ஒரு முதலாளி தன் ஆலையின் வரலாற்றை எழுதினால், அதில் தாத்தா ஆலை கட்டினார், அப்பா விரிவாக்கினார், மகன் விற்றார் என்றிருக்கும். எட்டு மணி வேலையும் போனஸும் பஞ்சப்படியும் அவருடைய தயாளத்தால் வந்தன என்றுகூட இருக்கும். இன்று எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கப் பார்க்கிறார்கள். அந்த எட்டு மணி நேரம் எப்படி வந்தது, யார் ரத்தத்தில் வந்தது என்று புதிதாய் வேலைக்கு வந்த இளைஞனுக்குக் காட்ட நம்மிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? மேடைப் பேச்சு காற்றோடு போகும். கிழிந்த கொடி ஒன்றை அவன் முன் விரித்துக் காட்டுங்கள். அவனே கேள்வி கேட்பான். கூலிப் போராட்டத்துக்குக் கொடி எதிரியாவதில்லை. அது அந்தப் போராட்டத்தின் பத்திரம்.

“கொடி பிடிப்பதற்கா, பெட்டியில் வைப்பதற்கா?” என்று கேட்கும் தோழர்களும் உண்டு. டர்ஹாம் தொழிலாளர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பழையது தளர்ந்ததும், அதே படத்தோடு புதுப் பதாகை செய்து வீதிக்கு எடுக்கிறார்கள்; பழையதை மரியாதையோடு பாதுகாப்பில் வைக்கிறார்கள். தகப்பனைத் திண்ணையில் அமர்த்திவிட்டு மகன் வயலுக்குப் போவதைப் போல.

நம் வீட்டுக் கணக்கு

சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-ல் சங்கம் கண்டார்கள். பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் துணை நின்றார்கள். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வரலாறு சொல்கிறது. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிச் செங்கொடி ஏற்றினார். இந்திய மண்ணில் அதுவே முதல் மே தினம். பின்னி ஆலையின் சங்கு 1996-ல் ஓய்ந்துவிட்டது. சங்கு ஊதிய காலத்தின் ரசீதுகள், துண்டறிக்கைகள், அங்கத்தினர் அட்டைகள், கொடிகள் எத்தனை வீட்டுப் பரண்களில் கரையானுக்கு இரையாகின்றன?

வழியில்லாத நாடு அல்ல இது. எழும்பூர் அரசு மியூசியத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஏற்பட்டது. டாக்டர் எஸ். பரமசிவன் என்ற தமிழ் விஞ்ஞானி அதற்குத் தலைமை தாங்கினார். வெண்கலச் சிலைகளை அரிக்கும் நோய்க்கு மருந்து கண்ட கூடம் அது. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை அவர் ஆராய்ந்து எழுதியதை உலகம் படித்தது. சோழன் சிலைக்குச் செய்த வைத்தியத்தை ஆலைத் தொழிலாளியின் கொடிக்கும் செய்யட்டும் என்று கேட்கிறோம். சிலையை வார்த்தவனும் ஒரு தொழிலாளிதானே!

சர்க்காரிடம் நாம் கேட்பது இதுதான். தொழிலாளர் வரலாற்றுக்கு அரசு மியூசியங்களில் இடம் வேண்டும். துணியையும் காகிதத்தையும் செப்பனிடப் பயிற்சி பெற்ற ஆட்களை நிரந்தர வேலையில் அமர்த்த வேண்டும். காலி இடங்களை ஒப்பந்தக் கூலியால் அடைக்கக் கூடாது.

சங்கங்களிடம் நாம் கேட்பது இன்னும் எளிது. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். கொடியை எடுத்தால் உதறாதீர்கள், துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஒட்டும் நாடாவால் கிழிசலை ஒட்டாதீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். அகலமான குழாய் ஒன்றின்மேல் துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் கொடியைச் சுருட்டுங்கள். வர்ணம் தீட்டியிருந்தால் வர்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். மேலே இன்னொரு பருத்தித் துணி போர்த்தி, ஈரமும் எலியும் எட்டாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கொடியைப் பிடித்த பெரியவரை அழைத்து வாருங்கள். எந்த ஆண்டு, எந்த ஆலை, யார் தைத்தது, யார் பிடித்தது, எங்கே தடியடி விழுந்தது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். துணியைக் காப்பாற்ற நிபுணர் வருவார். அந்தக் கதையைக் காப்பாற்ற உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

பீட்டர்லூவில் குதிரைப்படையின் வாளுக்குத் தப்பிய கொடி, யார் யாரோ காத்து வைத்ததால் நமக்குக் கிடைத்தது.  நம் கைகளும் அந்தக் கைகளாகட்டும்.